அண்டி ஆபீஸ் முப்பது வருஷமா ஓடுது, ஊர் ஏன் அப்படியே கிடக்கு?

கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஊர் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு பேச வந்த ஒருத்தர் "சிறு, நடுத்தர தொழில்தான் ஊர் முன்னேற்றத்துக்கு அடித்தளம்"னு அரை மணி நேரம் பேசிட்டு போனாராம். இவர் ஊர்ல ரெண்டு அண்டி ஆபீஸ் (முந்திரிக் கொட்டை உடைச்சு பருப்பு எடுக்கற ஆலை), ஒரு ரப்பர் கடை, சிப்ஸ் போடற யூனிட், ஹாலோ பிளாக் கம்பெனி எல்லாம் முப்பது வருஷமா உண்டு. ஆனா ரோடு குண்டும் குழியுமா கிடக்கு, படிச்ச பசங்க எல்லாம் கல்ஃப் விசாவுக்கு காத்துக் கிடக்காங்க. "அப்போ இதெல்லாம் மேடைப் பேச்சுதானே அண்ணா, இல்ல எனக்குத்தான் வெளங்கலையா"ன்னு கேக்கறார். வர்ற மாசம் ஊர்க் கூட்டத்துல இதைப் பத்தி பேச இவர் பேரையும் எழுதியிருக்காங்களாம், அதான் அவசரம்.

தம்பி, நான் உங்க கேள்வியை இப்படி எடுத்துக்கறேன். ஊர்ல தொழில் ஓடுது, பைசா புரளுது, அந்தப் பைசா ஏன் ஊர் மேல படிய மாட்டேங்குது? படியணும்னா எந்த வழியா படியும்? சின்ன தொழில் நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வெச்சா ரெண்டு பக்கமும் கைத்தட்டு கிடைக்கும், உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

நான் மார்த்தாண்டத்துல டாக்ஸ் பிராக்டிஷனர். கணக்கு எழுதறது, ஜிஎஸ்டி, ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ்), பிஎஃப் (சேமநிதி) ரிட்டர்ன் போடறது, பேங்க் லோனுக்கு பேப்பர் ரெடி பண்றது, இதான் இருபது வருஷத்துக்கு மேல பிழைப்பு. குழித்துறை, கருங்கல், அருமனை பக்கமும் கிளையண்ட் உண்டு, கேரளா பார்டர் தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கமும் உண்டு. அதனால ஒரு கடையோட பைசா எங்க இருந்து வருது எங்க போகுதுன்னு பாக்கற வாய்ப்பு எனக்கு கொஞ்சம் அதிகம். ஆனா நான் பாக்கறது பேப்பருக்கு வந்த தொழிலை மட்டும்தான். வீட்டுத் திண்ணையில அப்பளம் உருட்டறவங்க, தட்டுக்கடைக்காரங்க எல்லாம் என் மேசைக்கு வர்றதே இல்ல, அவங்களைப் பத்தி நான் சொல்றது ஊர்க்காரனா சொல்றதுதான். பொருளாதாரம் படிச்சவனும் இல்ல, இதையும் மனசுல வெச்சுட்டு மேல படிங்க.

மொதல்ல அளவைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா பாதி குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. மத்திய அரசு 2015-16ல எடுத்த மாதிரி சர்வே கணக்குப்படி நாட்டுல குறு, சிறு, நடுத்தர (சுருக்கமா எம்எஸ்எம்இ) யூனிட் மொத்தம் 6.34 கோடி, அதுல வேலை பாக்கறவங்க 11.1 கோடி பேர். வகுத்துப் பாருங்க, ஒரு யூனிட்டுக்கு ரெண்டு பேர் கூட வரலை. அந்த 6.34 கோடியில 6.3 கோடி குறுந்தொழில், நடுத்தரம்னு சொல்றது நாடு முழுக்க 5,000 வாக்குலதான். அதே நேரம் சட்டத்துல வரம்பு எங்க இருக்குன்னா, 2025 ஏப்ரல் 1ல இருந்து முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி வரைக்கும் போனாலும் "நடுத்தரம்"தான். ஆக மேடையில ஒருத்தர் எம்எஸ்எம்இன்னு சொல்லும்போது அதுல புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் நடத்தற சாயாக்கடையும் உண்டு, 400 கோடிக்கு ஏற்றுமதி பண்ற கம்பெனியும் உண்டு. சாயாக்கடை அந்தக் குடும்பத்தைக் காப்பாத்தும், அதுவே பெரிய காரியம், ஆனா அது ஊருக்கு ரோடு போடும்னு எதிர்பாக்கறது நியாயம் இல்ல. நாலு பேர் வெளியாளுக்கு சம்பளம் குடுக்கற இடத்துல இருந்துதான் நம்ம பேச்சு ஆரம்பிக்கணும்.

இப்போ உங்க ஊர் அண்டி ஆபீஸையே எடுத்துக்கோங்க. கொட்டை எங்க இருந்து வருது? நம்ம மாவட்டத்து கொல்லாமாவுல (முந்திரி மரத்துல) இருந்து வர்றது சொற்பம், நாட்டுக்கு வேண்டிய கொட்டையில பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், தான்சானியா மாதிரி ஆப்பிரிக்க நாடுகள்ல இருந்து கப்பல்ல தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ வருது. பருப்பு எங்க போகுது? டெல்லி, பம்பாய் மொத்த வியாபாரிக்கு, கல்ஃபுக்கு, வேற நாட்டுக்கு. கொட்டை வாங்க போட்ட பைசா பேங்குது, அதுக்கு வட்டி பேங்குக்கு. கிட்டத்தட்ட நாலு கிலோ கொட்டை உடைச்சாதான் ஒரு கிலோ பருப்பு, அதனால செலவுல பெரும் பங்கு கொட்டை விலைதான், அது முழுக்க ஊரை விட்டு வெளிய. அப்போ ஊர்ல தங்கறது என்ன? உடைக்கிற, தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பொம்பளைங்களுக்கு குடுக்கற கூலி. அப்புறம் டெம்போ வாடகை, வாட்ச்மேன் சம்பளம், முதலாளி உள்ளூர்க்காரரா இருந்தா அவர் வீட்டுச் செலவு. கூலியைத் தவிர்த்துப் பாத்தா அந்த ஆபீஸ் உங்க ஊர்ல இருந்தாலும் ஒண்ணுதான், கப்பல்லயே இருந்தாலும் ஒண்ணுதான்.

சிப்ஸ் யூனிட் கதை வேற. ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) நம்ம விளைகள்ல இருந்து வருது, குலை வெட்டறவருக்கு கூலி, சந்தைக்கு கொண்டு போற ஆட்டோக்காரருக்கு வாடகை, சீவறவங்க வறுக்கறவங்க சம்பளம், எண்ணெய்க்கான பைசா மட்டும் காங்கேயம் பக்கம் போகுது, கவருக்கானது வெளியூருக்கு. ஓணம் சீசன்ல கேரளா பக்கத்து ஆர்டர் வந்தா பைசா பார்டர் தாண்டி உள்ள வந்து அஞ்சாறு கை மாறி அப்புறம்தான் வெளிய போகுது. அண்டி ஆபீஸ்ல பைசா ஒரு கை மாறுது, சிப்ஸ்ல அஞ்சு கை. விற்றுமுதல்ல அண்டி ஆபீஸ் பல மடங்கு பெருசா இருக்கும், ஊருக்கு விழற பங்குல சிப்ஸ் யூனிட் அதை நெருங்கிடும். இது என் மேசைக்கு வர்ற கணக்குகள்ல திரும்பத் திரும்ப பாக்கற விஷயம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதனால அண்டி ஆபீஸ் இருக்கற ஊர்ல முன்னேற்றத்தைப் பத்தி பேசறதுன்னா கூலியைப் பத்திதான் பேசணும், அதை விட்டுட்டு வேற எதைப் பேசினாலும் சும்மா. அந்த ஆபீஸ் நம்ம பக்கம் வந்ததே கூலி குறைவுங்கறதுக்காகத்தான்கறது உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், தெரியலைன்னா வீட்டுல பெரியவங்க கிட்ட கேளுங்க. கேரளாவுல உள்ள கொல்லம்தான் இந்தத் தொழிலுக்கு தலைநகரம். அங்க யூனியன் பலம், குறைஞ்சபட்ச கூலி அதிகம், அரசே 1969ல முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்கிச்சு, 1984ல காப்பெக்ஸ் கூட்டுறவு வந்துச்சு. பல பத்து வருஷமா அங்க இருந்து முதலாளிங்க ஒவ்வொருத்தரா பார்டர் தாண்டி விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஷெட் போட்டாங்க. 2015ல அங்க கூலி மறுபடி உயர்ந்ததும் கொல்லத்துல தனியார் ஆபீஸ் நிறைய பூட்டிப் போச்சு. அதுக்கு கூலி மட்டும் காரணம் இல்ல, கொட்டை விலை ஏறினது, வியட்நாம் மெஷின் போட்டு மலிவா பருப்பு இறக்கினது எல்லாம் சேர்ந்துதான். ஆனா நமக்கு கிடைச்ச வேலை அங்க ஒரு பொம்பளைக்கு போன வேலைங்கறதை மறைச்சுட்டு "எங்க ஊர் தொழில் வளர்ச்சி"ன்னு பேசறது எனக்கு கூச்சமா இருக்கும். நாளைக்கு கூலி இன்னும் குறைவா உள்ள இடம் கிடைச்சா இதே ஷெட் இங்க இருந்தும் கிளம்பும்.

சரி, வந்த வேலையாவது முழுசா வேலையா இருக்கான்னு பாக்கணும். இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா யாரும் இதைப் பேசறதில்ல. பத்து பேர் வேலை பாக்கற இடத்துல ஈஎஸ்ஐ கட்டணும், மாசச் சம்பளம் 21,000 வரை உள்ளவங்க எல்லாரும் அதுல வருவாங்க. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், பெரிய சுமை ஒண்ணும் இல்ல. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு அரையாண்டு. ஒரு அரையாண்டுல குறைஞ்சது 78 நாள் வேலை பாத்து பைசா கட்டியிருந்தாதான் சுகமில்லாம லீவு போடும்போது அதுக்கான பணம் கிடைக்கும். அரையாண்டுல 26 வாரம். வாரத்துக்கு மூணு நாள்னு வெச்சாலே சரியா 78. கொட்டை வரலை, கப்பல் லேட்டு, விலை சரியில்லைன்னு ஆபீஸ் ரெண்டு வாரம் பூட்டினா போச்சு, 72ல நிக்கும். பேர் மஸ்டர் ரோல்ல (ஆள் வருகைப் பதிவேட்டுல) உண்டு, கார்டு உண்டு, மாசாமாசம் பிடித்தமும் உண்டு, நடுவுல நோய் வந்து ஆஸ்பத்திரியில கிடந்தா அந்தப் பணம் மட்டும் கிடையாது. பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம் கிடைக்கும், அதுக்கு முந்தின ரெண்டு அரையாண்டும் சேர்த்து 70 நாள் இருந்தா போதும், ஆனா அதையும் எண்ணி வெச்சு சொல்லிக் குடுக்க ஆள் வேணும். கொட்டைப் பால் பட்டு கை வெந்து போகாம இருக்க சாம்பல் பூசிட்டு நாள் பூரா உக்காந்து உடைக்கிறவங்களுக்கு இந்த நாள் கணக்கு யாராவது சொல்லியிருக்காங்களா? முதலாளி பூட்டற தேதியை ரெண்டு வாரம் தள்ளி வெச்சாலே அம்பது குடும்பம் வரம்புக்குள்ள வந்துடும். இது தர்மம் கூட இல்ல, காலண்டர் பாத்து முடிவு எடுக்கறது.

இன்னொண்ணு, ஒம்பது பேர் வியாதி. பத்தாவது ஆளை எடுத்தா ஈஎஸ்ஐ, இருபதாவது ஆளை எடுத்தா பிஎஃப். அதனால ஒம்பதுலயும் பத்தொம்பதுலயும் நின்னுடற யூனிட் நிறைய பாத்திருக்கேன். இல்லைன்னா மனைவி பேர்ல ஒரு லைசென்ஸ், மச்சான் பேர்ல ஒரு லைசென்ஸ்னு ஒரே ஷெட்டை மூணா கிழிக்கிறது. நான் கிளையண்ட் கிட்ட சொல்றது, இதுல மிச்சம் பிடிக்கிற பைசாவை விட பின்னாடி இன்ஸ்பெக்ஷன்ல மாட்டி கட்டற பைசா அதிகம்னு. கேக்கறவங்க கேப்பாங்க. ஆனா ஊர் முன்னேற்றத்துக்கு இது நேரடி அடி, ஏன்னா தொழில் வேணும்னே குட்டையா நின்னு போகுது.

கூலி கையில வர்றது ஒரு மனுஷனை என்ன பண்ணும்கறதுக்கு நம்ம மாவட்டத்துலயே பழைய சாட்சி உண்டு. 1820கள்ல நாகர்கோவில்ல லண்டன் மிஷன் பள்ளிக்கூடத்துல மார்த்தா மால்ட் அம்மையார் பொண்ணுங்களுக்கு லேஸ் பின்ன கத்துக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணுங்கள்ல பலர் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைங்க. லேஸ் வித்து கிடைச்ச கூலியைச் சேர்த்து வெச்சு தன் விடுதலையைத் தானே விலை குடுத்து வாங்கினவங்க உண்டு. திருவிதாங்கூர்ல அடிமைமுறையை சட்டப்படி ஒழிச்சது 1855ல, அதுக்கு முன்னாடியே நடந்த விஷயம் இது. இன்னிக்கு வேணா அதை ஒரு குடிசைத் தொழில்னு ஒரு வரியில எழுதிட்டுப் போயிடுவாங்க. அந்தத் தொழில் ஊருக்கு நன்கொடை குடுத்துச்சுன்னு யாரும் நினைவு வெச்சுக்கலை, பொண்ணுங்க கையில கூலி குடுத்துச்சு, அதைத்தான் இருநூறு வருஷம் கழிச்சும் பேசறோம்.

நன்கொடைன்னதும் ஞாபகம் வருது. கோயில் கொடை, சர்ச் திருவிழா, கிளப் ஓண விழா, எந்த நோட்டீஸை எடுத்தாலும் பின்பக்கம் முழுக்க கடைக்காரங்க பேர்தான். பெரிய கம்பெனிக்கு சிஎஸ்ஆர்னு சட்டம் உண்டு: நிகர சொத்து மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணு தொட்டா லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும். நம்ம கடைக்காரர் அதுல வரமாட்டார், ஆனா வருஷத்துக்கு எத்தனை ரசீது அவர் கல்லாவுல குத்திக் கிடக்குன்னு எனக்குத் தெரியும். நல்ல விஷயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு முதலாளி எப்படிப்பட்டவர்னு நோட்டீஸ் பாத்து நான் முடிவு பண்றதில்ல, மஸ்டர் ரோல் பாத்துதான். கொடைக்கு ஸ்பீக்கர் செட்டுக்கு அள்ளிக் குடுத்துட்டு போனஸ் கேட்ட பொம்பளையை அடுத்த வாரம் வேலைக்கு வர வேண்டாம்னு சொன்ன இடமும் உண்டு. எதுவுமே நோட்டீஸ்ல வராம, மாசம் பொறந்தா ஏழாம் தேதி சம்பளம் தப்பாத இடமும் உண்டு.

கணக்குல வராத நன்மை ஒண்ணு உண்டு, அதையும் சொல்லணும். 2017 நவம்பர் 30 ஒக்கி அடிச்சப்போ நம்ம மாவட்டம் எப்படிக் கிடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். கடல்ல போனவங்க கதை தனி, மலைப்பக்கம் ரப்பரும் வாழையும் தரையோட படுத்துடுச்சு, கரண்ட் இல்ல, ஏடிஎம் இல்ல. அந்த நாள்ல ஊர் பலசரக்குக் கடைக்காரர்தான் அரிசியும் மெழுகுவத்தியும் பற்று எழுதிக் குடுத்தார். சூப்பர் மார்க்கெட் சாப்ட்வேர்ல பற்று எழுத இடமே கிடையாது. அதுக்காக எல்லாரையும் தெய்வமாக்க வேண்டாம், விழுந்து கிடந்த ரப்பர் மரத்தை அடிமாட்டு விலைக்கு கேட்டு வந்தவங்களும் சின்ன வியாபாரிகதான். பழக்கம், பக்கத்து வீடு, நாளைக்கும் முகத்துல முழிக்கணும்கறது ஒரு கட்டுப்பாடு, அது வேலை செய்யற இடத்துல செய்யும், செய்யாத இடத்துல செய்யாது. இதை அளக்க என்கிட்ட அளவுகோல் ஒண்ணும் இல்ல.

இப்போ உங்க ரோடு. தொழில் இருந்தா வரி வரும், வரி வந்தா ஊருக்கு செலவு பண்ணுவாங்கன்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் உண்டு. பார்டர் ஊருக்கு இது கிட்டத்தட்ட பொருந்தவே பொருந்தாது. ஜிஎஸ்டி பொருளை யார் உபயோகிக்கிறாங்களோ அந்த மாநிலத்துக்குப் போற வரி. உங்க ஊர் சிப்ஸ் திருவனந்தபுரத்துல விக்குதுன்னா மாநிலப் பங்கு கேரளாவுக்கு. தமிழ்நாட்டுக்குள்ள வித்தாலும் அது மாநில அரசுக்குத்தான், உங்க பஞ்சாயத்துக்கு நேரடியா ஒரு பைசா வராது. பஞ்சாயத்துக்கு வர்றது கட்டட வரி, லைசென்ஸ் கட்டணம், தொழில் வரி. தொழில் வரிக்கு அரசியல் சாசனமே ஆளுக்கு வருஷம் 2,500 ரூபாய்தான் உச்சவரம்புன்னு வெச்சிருக்கு. அதை வெச்சு என்ன ரோடு போட முடியும்? ரோடு வர்றது மாநில, மத்திய நிதியில, எம்எல்ஏ எம்பி நிதியில. அதனால ரோடு மோசமா கிடக்கறதை வெச்சு அண்டி ஆபீஸ் உதவாதுன்னு சொல்றது சரியான கணக்கு இல்ல, அந்தப் புகாரைக் கொண்டு போக வேண்டிய வாசல் வேற. ஒண்ணு மட்டும் சொல்லலாம், 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்து செக்போஸ்ட்ல வரிக்காக லாரி வரிசை கட்டி நிக்கறது போனதுல பார்டர் யூனிட்டுகளுக்கு உண்மையாவே ஆசுவாசம், முன்னெல்லாம் வாழைக்குலை ஏத்தின வண்டி அங்க நின்னே பழுத்துடும்.

சின்ன தொழில் ஊருக்கு குடுக்கணும்னா மொதல்ல அதுக்கு வர வேண்டியது வரணும், இதுலதான் பெரிய ஓட்டை. 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டத்துல, பதிவு பண்ணின குறு, சிறு யூனிட் கிட்ட சரக்கு வாங்கினா எழுத்து ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாளுக்குள்ள, இருந்தாலும் 45 நாளுக்கு மேல போகாம பைசா குடுக்கணும்னு தெளிவா உண்டு. தாண்டினா ரிசர்வ் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. இதுல வெறும் வாங்கி விக்கிற வியாபாரிக்கு உரிமை கிடையாது, உற்பத்தி பண்றவங்க, சேவை தர்றவங்களுக்குத்தான். நடக்கறது என்னன்னா, ஹாலோ பிளாக் கம்பெனிக்காரர் கான்ட்ராக்டர் கிட்ட ஆறு மாசம் நடப்பார், ஆனா கேஸ் குடுக்க மாட்டார், குடுத்தா அடுத்த ஆர்டர் போயிடும். 2023 பட்ஜெட்ல வருமான வரிச் சட்டத்துல ஒரு பிரிவைச் சேர்த்தாங்க, நாள் தாண்டியும் குடுக்காத தொகையை பைசா குடுக்கற வருஷம் வரை செலவா காட்ட முடியாதுன்னு. அதுக்கப்புறம் மார்ச் மாசம் ஆனா சில பார்ட்டிங்க தானா போன் பண்ணி பாக்கியை செட்டில் பண்றாங்க, வேற சில பேர் உத்யம்கற எம்எஸ்எம்இ பதிவு உள்ளவங்க கிட்ட வாங்கவே யோசிக்கறாங்க. மொத்தத்துல நல்லதா கெட்டதான்னு சொல்ல இன்னும் நாலு வருஷக் கணக்கு பாக்கணும். ஆனா ஒரு விஷயம் நிச்சயம், ஹாலோ பிளாக் பைசா ஆறு மாசம் லேட்டுன்னா அந்த லேட்டு அப்படியே மணல் அள்ளறவருக்கும் மேஸ்திரிக்கும் இறங்குது, கடைசியில வட்டிக்காரர் வீட்டுலதான் போய் முடியுது.

இனி கல்ஃபுக்கு போற பசங்க. சின்ன தொழில்தான் அதிக வேலை உருவாக்குதுன்னு சொல்றதை அப்படியே விழுங்காதீங்க. அமெரிக்கத் தரவை வெச்சு ஹால்டிவாங்கர்ங்கற பொருளாதார ஆய்வாளரோட குழு 2013ல காட்டினது, சின்ன கம்பெனிங்கறதை விட புது கம்பெனிங்கறதுதான் வேலை வளர்ச்சிக்கு காரணம்னு, வயசைக் கணக்குல எடுத்தா அளவோட மகிமை மறைஞ்சு போகுது. 2014ல ஷே, கிளெனோன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இன்னொண்ணு காட்டினாங்க: அமெரிக்காவுல 40 வருஷமா நிக்கிற ஆலை புது ஆலையைப் போல ஏழு மடங்குக்கு மேல ஆளு வெச்சிருக்கு, நம்ம நாட்டுல அதே காலத்துல சுமாரா ரெண்டு மடங்குதான். ஏன்கறதுல சண்டை உண்டு, சட்டம்னு சிலர், கடன்னு சிலர், குடும்பத்துக்கு வெளிய ஒருத்தரை நம்பி மேனேஜர் ஆக்க மாட்டாங்கன்னு சிலர். என் மேசையில இருந்து பாத்தா மூணாவது காரணம் பெருசா தெரியுது, ஆனா அது என் அனுமானம்தான். எப்படியும் ஒரு பி.டெக் பையனுக்கு உங்க ஊர் யூனிட்ல ஏறிப் போக படியே கிடையாது, முதலாளியோட சொந்தப் பையனே கனடாவுல இருப்பான். அதனால இந்தத் தொழில்கள் கல்ஃப் போறதை நிறுத்தும்னு நான் சொல்ல மாட்டேன். போக முடியாதவங்களுக்கு, முக்கியமா நாப்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு, ஊர்லயே ஒரு கைப்பிடி குடுக்கும், அவ்வளவுதான் அதோட எல்லை.

ஊருக்கே எது நல்லதுங்கற கேள்விக்கு பழைய ஆய்வு ஒண்ணு அடிக்கடி காட்டுவாங்க. 1940கள்ல வால்ட்டர் கோல்ட்ஷ்மிட்னு ஒரு மானிடவியலாளர் கலிபோர்னியாவுல ஆர்வின், டினுபான்னு ரெண்டு ஊரை ஒப்பிட்டார். ஒண்ணைச் சுத்தி பெரிய பண்ணைகள், இன்னொண்ணைச் சுத்தி சின்னச் சின்ன பண்ணைகள். சின்ன பண்ணை ஊர்ல கடைகள் அதிகம், பள்ளிக்கூடம், பூங்கா, சங்கங்கள் எல்லாம் மேலா இருந்துச்சு. கேக்க இனிமையா இருக்கு, ஆனா ரெண்டே ஊர், அதுவும் வேற நாடு, அந்த ஊர்களுக்கு நடுவுல வேற வித்தியாசமும் இருந்துச்சுன்னு அப்பவே விமர்சனம் வந்துச்சு. உங்க கூட்டத்துல சொல்லணும்னா சொல்லுங்க, தீர்ப்பு மாதிரி மட்டும் சொல்லாதீங்க.

என்னைக் கேட்டா நம்ம பக்கத்துல நல்லா வேலை செஞ்ச மாதிரி வேணும்னா தேனைப் பாக்கணும். மார்த்தாண்டத்துல ஒய்எம்சிஏ 1920கள்லயே தேனீ வளர்க்க பயிற்சி குடுக்க ஆரம்பிச்சது, அப்புறம் தேனீ வளர்க்கறவங்களுக்கே கூட்டுறவு சங்கம் வந்துச்சு. தனி ஆளா பாத்தா ஒவ்வொருத்தரும் பெட்டி வெச்சிருக்கற குறுந்தொழில்காரர்தான். ஆனா பெட்டி செய்ய ஆசாரி, புகைப்பான், தேன் எடுக்கற மெஷின் செய்ய பட்டறை, தேனைச் சுத்தம் பண்ண சங்கம், ஜனவரியில இருந்து மார்ச் வரை ரப்பர் துளிர் விடும்போது அந்தத் தேனுக்காக பெட்டியைக் கேரளா எஸ்டேட்டு வரை கொண்டு போற வண்டிக்காரர்னு ஒண்ணை ஒண்ணு பிடிச்சு நிக்குது. 1990கள் தொடக்கத்துல தாய்லாந்து சாக்புரூட்னு தேனீப் புழுவைக் கொல்ற வைரஸ் நோய் வந்து கூடு கூடா செத்து விழுந்தப்போ தனி ஆளா இருந்தா தொழிலே அழிஞ்சிருக்கும், தாக்குப்பிடிச்ச கூட்டத்துல இருந்து திரும்ப பிரிச்சு பெருக்கி மீண்டு வந்ததுக்கு ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச அந்த வளையம் ஒரு பெரிய காரணம். ரப்பர்ல இது அரைகுறையா நடந்துச்சு. உற்பத்தியாளர் சங்கம் உண்டு, ஆனா பெரும்பாலும் ஷீட் அடிச்சு அப்படியே கடையில போடறதோட சரி, நம்ம பக்கத்துல அதை வெச்சு பொருள் செய்யற யூனிட் குறைவு. 2011ல கிலோ 240 ரூபாய் வாக்குல போன ஷீட் 2016 தொடக்கத்துல 100க்கு கீழ வந்தப்போ மார்த்தாண்டம் ஜவுளிக்கடை வரைக்கும் அடி தெரிஞ்சுது, ஏன்னா எல்லாருமே ஒரே விலையைத் தொங்கிட்டு இருந்தோம்.

அரசுத் திட்டம் பத்தியும் யாராவது கேப்பாங்க. பிஎம்ஈஜிபியில (புதுசா தொழில் தொடங்க மானியத்தோட கடன் தர்ற மத்திய அரசுத் திட்டம்) கிராமத்துல தொடங்கற பொண்ணுங்க, தாழ்த்தப்பட்டவங்க மாதிரி பிரிவுக்கு திட்டச் செலவுல 35 சதவீதம் வரை மானியம் உண்டு, உற்பத்தி யூனிட்டுன்னா திட்டச் செலவு 50 லட்சம் வரை, நாகர்கோவில் மாவட்ட தொழில் மையத்துல போய் கேக்கலாம். அந்த மானியம் மூணு வருஷம் பேங்க்ல பூட்டி இருக்கும், அப்புறம்தான் கடன்ல கழியும். மூணு வருஷம் முடிஞ்சதும் யூனிட்டையே பூட்டறவங்களும் உண்டு, அதனால மானியம் வாங்கினவங்க எண்ணிக்கையை வெச்சு மேடையில பேசறவங்க கிட்ட, அஞ்சாவது வருஷம் எத்தனை ஷட்டர் திறந்திருக்குன்னு கேளுங்க.

கூட்டத்துக்கு அந்த ரெண்டு அண்டி ஆபீஸ்காரங்களும் வருவாங்கன்னு நினைக்கிறேன், ஊர்க்காரங்கதானே. சண்டைக்கு நிக்காம மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன அக்டோபர்-மார்ச் அரையாண்டுல நம்ம ஆபீஸ்ல எத்தனை பேருக்கு 78 நாள் வந்துச்சு, எத்தனை பேருக்கு வரலை?" இதைச் சொல்ல ஆடிட்டர் கூட வேண்டாம், ஈஎஸ்ஐ போர்ட்டல்ல பேர் பேரா நாள் கணக்கு உண்டு, ஆபீஸ் கிளார்க் அரை மணி நேரத்துல எடுத்துக் குடுத்துடுவார். தர மாட்டேன்னு சொன்னா வேலை பாக்கற அக்காமாருங்க அவங்கவங்க இன்சூரன்ஸ் நம்பரை வெச்சு தாங்களே பாத்துக்கலாம், போன்ல பாக்கத் தெரிஞ்ச ஒரு பையன் கூட உக்காந்தா போதும், கல்ஃப் விசாவுக்கு காத்திருக்கறவங்கள்ல யாராவது சும்மாதானே இருப்பாங்க.